மாப்பிள்ளையின் போர்ட்லெட்

உ

செனாய்,
வியாழக்கிழமை

மெர்சிங்கில் கடற்காற்றும் மீன்குழம்புமாக நலமாயிருக்கும் மச்சான் ஜெயபாலன் அவர்களுக்கு, செனாயிலிருந்து மணியம் தன் கைப்பட எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ராஜம்மாவும் மகள் பிரவீனாவும் சுகம். மாப்பிள்ளை ரூபேந்திரன் சுகமா என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும்.

ஆமாம், என் கைதான். "நீங்க ஒரு கடுதாசி எழுதுங்க மச்சான், நான் மீசைய எடுத்துடுறேன்" என்று தீபாவளியன்று என் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னீர்கள். கத்தியைத் தேடி வைக்கவும். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. கஸ்தூரி டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். இந்த வயதில் எழுத்து எனக்கு வசமானதில் தலைகால் புரியவில்லை. மாவு பாக்கெட், கோயில் நோட்டீஸ், தைலப் புட்டி என்று எதையும் விடாமல் படிக்கிறேன். டீச்சர் சொன்ன விதிகளில் ஒன்றைக்கூட மீறுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பிரவீனாவுக்கு மாப்பிள்ளை பார்த்தது நீங்கள். "கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரப் பையன், கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க" என்றீர்கள். மூடினேன். இப்போதுதான் திறந்து பார்க்கிறேன். அவருக்குச் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றில் புது வேலை, வீட்டிலிருந்தபடியே. நாளைக் காலை மேனேஜர் அம்மாவுக்கு ஒரு போர்ட்லெட் செய்து காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் வீட்டில் இருப்பது மட்டும் நிரந்தரம். போர்ட்லெட் என்றால் என்ன என்று கேட்டேன். "பெரிய வெப் பக்கம் ஒண்ணு இருக்கும் மாமா, அதுக்குள்ள சின்னச் சின்னப் பெட்டி இருக்கும். அதுல ஒரு பெட்டிதான் நான் செய்றது" என்றார். நம் ஊர்த் தச்சர் பெட்டி செய்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பூட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். இவர் இந்த வாரம் முழுக்க ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு இன்னும் மூடிகூட வரவில்லை.

முதலில் வேலை செய்ய இடம் போட வேண்டுமாம். அதற்கு ஜாவா வேண்டும். புது ஜாவாவைப் போட்டார். சர்வருக்குப் பழைய ஜாவாதான் பிடிக்குமாம், புதுசைக் கழற்றிவிட்டுப் பழசைப் போட்டார். அப்புறம் சர்வரை எழுப்பினார், அது எழுந்திருக்கவில்லை, சிவப்புச் சிவப்பாகப் பத்து வரி துப்பிவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்கு ஆங்கிலம் தெரியாது, தெரிந்தவர் படிப்பார் என்று காத்திருந்தேன். அவர் "அலமாக்!" என்று மலாயில் ஐயையோ போட்டுப் படக்கென்று அதை மூடிவிட்டார். திரும்ப எழுப்பினார், திரும்பச் சிவப்பு, திரும்ப "அலமாக்!". "என்ன எழுதியிருக்கு மாப்ள?" என்று கேட்டேன். "எப்பவும் வர்றதுதான் மாமா" என்றார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள், படிக்கவே வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை. இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அடியிலிருந்து மறுபடி போட்டார். தான் எழுதி வைத்திருந்த ஒரு கோப்பை மட்டும், "இது சரியா இருக்கு மாமா, இதுல கைவைக்க வேண்டியதில்ல" என்று திறந்துகூடப் பார்க்காமல் பத்திரமாகத் திரும்ப வைத்தார். சர்வர் அதே சிவப்பைத் துப்பியது. ராஜம்மா சாம்பிராணி காட்டினாள். புகைக்கு வீட்டு அலாரம் எழுந்தது, சர்வர் எழவில்லை. நான் சும்மா பக்கத்தில் போய் நின்றேன். பிரவீனா, "அப்பா, அங்க நிக்காதீங்கலா, அவரே டென்ஷன்ல இருக்காரு" என்று என்னை விரட்டினாள். சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது, மச்சான். அவள் பயப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல பிள்ளைதான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது, எதையும் படிக்கவும் படிக்காது. அடுத்த தடவை எங்கேயாவது மாப்பிள்ளை பார்த்தால் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்காதீர்கள், கண்ணெதிரே இருப்பதைப் படிப்பாரா என்று கேளுங்கள். நாளைக் காலை உங்கள் ஊர் முருகன் கோயிலில் மாப்பிள்ளை பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யவும். அக்காவுக்கு என் வணக்கம். வலையில் மீனும் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்க அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
சொந்தக் கையெழுத்தில்,
மணியம்

பி.கு.: வெள்ளி மத்தியானம். மேலே உள்ளதை எழுதி முடிக்கவே நேற்று பொழுது சாய்ந்துவிட்டது, தபாலில் போடவில்லை. காலையில் மேனேஜர் அம்மா கம்ப்யூட்டர் வழியாக வந்து, அந்தச் சிவப்பு வரியை என்னைப் போலவே ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அந்தக் கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஏதோ இருக்கிறது, அங்கே எதுவும் இருக்கக் கூடாது என்றார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசப் பேச பிரவீனா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை திறந்தார். உச்சியில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி.

என்ன செய்வது மச்சான்? திங்கட்கிழமை அவர் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனபோது அந்தக் கோப்பு திரையில் திறந்திருந்ததை நான்தான் பார்த்தேன். தலையில் சுழி இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே கேள்விக்குறியோடு தொடங்கியிருந்தது. சந்தேகத்தோடு ஆரம்பித்த வேலை விளங்குமா? சுழி போடாமல் எதையும் எழுதக் கூடாது என்பது டீச்சரின் முதல் விதி. நான் எழுதிப் பழக பிரவீனா அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் போட்டு வைத்திருந்தாள். போட்டேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி மறக்காமல் சேமிக்கவும் செய்தேன்.

"இது என்ன?" என்று மேனேஜர் அம்மா கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். "காரியம் நல்லா வரணும்னு எங்க வழக்கத்துல போடுறது, மேடம்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு, அதை எடுக்கச் சொன்னார். எடுத்தார். சர்வர் எழுந்தது, பெட்டி வந்தது, வேலை நிரந்தரம். பிரவீனா அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்தாள். என்னிடம் மாப்பிள்ளை, "அடுத்த தடவ பேப்பர்ல எழுதிக் குடுங்க மாமா, நான் மேல ஒட்டிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

இன்னொரு கடிதம் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகும். முதல் கடிதத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. ஆகையால் மேலே மாப்பிள்ளை என்று உள்ள இடத்திலெல்லாம் மாமனார் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தின் தலையிலும் சுழி இருக்கிறது, காகிதம் ஒன்றும் துப்பவில்லை. அதனால் மீசைக்கு மன்னிப்புக் கிடையாது.