ஆறு எல்லை கேட்ட காணி அண்ணை

பாரிஸில் தமிழர்கள் வாங்கிய எந்த வீட்டிலும் காணி அண்ணை குறை காணாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. புதுமனை புகும் குடிபூரலுக்குப் பால் பொங்கி முடிவதற்குள் கூடத்தைக் காலடியால் மூன்று முறை அளந்துவிடுவார். பிறகு பாயசக் கிண்ணத்தோடு வீட்டுக்காரரிடம் வந்து, "எல்லாம் வடிவா இருக்கு. காணி எங்கை?" என்று கேட்பார். ஆறாவது மாடியில் குடியேறியவன் காணிக்கு எங்கே போவான்? அவன் பாயசம் கசந்துபோகும்.

யாழ்ப்பாணத்துக்காரரான அவர், பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஓர் உணவகத்தின் சமையற்காரர். நான் புதுச்சேரிக்காரன். சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் உட்கார்ந்து, யார் பிரெஞ்சுக் கடிதம் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்வேன். ஒரு தேநீரும் இரண்டு வடையும் கூலி. காணி அண்ணையின் கடிதம் என்றால் வடை மூன்று. அவரோடு வாதாடத் தெம்பு வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவரே ஒரு கடிதத்தை நீட்டினார். அவரும் மனைவி மலர் அக்காவும் பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம் ஒற்றை அறையில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்தார்கள். கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், நாலு குடும்பத்துக்குப் பொது. மாரிக்குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு படியிறங்கி, அங்கே காத்து நிற்பது மலர் அக்காவின் அன்றாடம். அவர்தான் கணவருக்குத் தெரியாமல் ஒரு வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைத்துவிட்டது. ரூ பஜோல் தெருவுக்குப் பின்னால், நான்காம் மாடி, இரண்டு அறை. வீடு இவர்களுக்குச் சொந்தம். அடியில் உள்ள நிலம் ஒரு பொது அமைப்புக்குச் சொந்தம். நிலத்துக்கு மாதம் ஒரு சின்ன வாடகை. அதனால்தான் விலை இவர்களுக்கு எட்டியது. மூன்று வாரத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அப்ப வீடு என்ரை, நிலம் அவையின்ரை?"

"ஆமாண்ணே."

"நாளைக்கு அவை நிலத்தை எடுத்துப்போட்டால்?"

"அது எப்படிண்ணே எடுப்பாங்க?"

"ஊரிலை எடுத்தவங்கள்தானே தம்பி. உறுதி என்னட்டை இருக்கு. காணிக்குள்ளை ஆமி இருக்கு."

உறுதி என்று அவர் சொல்வது நிலப் பத்திரத்தை, ஆமி என்பது இராணுவத்தை. சிரிக்கத் திறந்த வாயில் வடையைப் போட்டு மூடிக்கொண்டேன்.

மலர் அக்கா என்ன சொன்னாரோ தெரியாது, அடுத்த வாரம் காணி அண்ணை கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. யாழ்ப்பாணத்து உறுதியில் நாலு பக்கமும் யாருடைய காணி என்று பெயர் பெயராக எழுதியிருக்குமாம். பத்திரம் எழுதும் அதிகாரியான நோத்தேர் அனுப்பிய வரைவில் வீட்டுக்கு ஓர் எண் மட்டுமே இருந்தது. "எல்லை இல்லாதது ஒரு உறுதியோ?" என்றார். அந்தரத்தில் நிற்கிற வீட்டுக்கு மேலும் கீழும் சேர்த்து எல்லை ஆறு என்று கணக்கிட்டார். கோட்டுப் போட்டு, டை கட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டப் புறப்பட்டார். மொழிபெயர்க்க நான்.

கீழ்வீட்டு மதாம் நாங்கள் தண்ணீர்க் கசிவு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, கேட்காமலே கூரையைக் காட்டினார். காணி அண்ணையும் அரை மணி நேரம் கூரையைப் பார்த்து அனுதாபப்பட்டார். பக்கத்து வீட்டு மாணவன் போலீஸ் என்று நினைத்துப் பாட்டை நிறுத்தினான். மேல்வீட்டுக் கிழவர், "எனக்கு மதம் வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார். மறுபடி தட்டி, விஷயத்தை விளக்கியதும் காப்பி போட்டுக் கொடுத்தார். தன் பெயரைக் கேட்டு யாரும் கதவைத் தட்டி வெகுகாலமாயிற்று என்றார். மற்ற பக்கங்களில் மாடிப்படியும் தெருவும்; கிழக்கே ரயில் பாதை. "அரசாங்கம்னு எழுதிக்குங்கண்ணே" என்றேன். முகம் சுளித்தார். அரசாங்கத்தைப் பக்கத்தில் வைத்து அவர் பட்டது போதும்.

கடைசி நாள் நோத்தேர் முன்னால் உட்கார்ந்தோம். அந்த ஆறு எல்லைத் தாளைப் பத்திரத்தோடு சேர்க்க முடியாது என்று அவர் பணிவாகச் சொன்னார். காணி அண்ணை பேனாவை மூடினார்.

"அப்ப நான் கையெழுத்து வைக்கேல்லை."

எனக்கு மொழிபெயர்க்க மனம் வரவில்லை. மலர் அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சருங்கோ, உங்கட உறுதியிலை கிணறு எப்பிடி எழுதிக் கிடக்கு?"

பதிலையும் மலர் அக்காவே சொன்னார்.

"எட்டிலை ஒரு பங்கு. மற்ற ஏழும் ஊராக்களின்ரை. அதிலை அள்ளித்தானே குடிச்சு வளந்தனீங்கள்? தண்ணி உங்களுக்கு ஊறேல்லையோ?" குரல் தணிந்தது. "எனக்கு முழங்கால் ஏலாது. உள்ளுக்குள்ளை ஒரு கக்கூசு இருந்தால் போதும். நிலம் ஆரின்ரையாவும் இருக்கட்டும்."

மதாம் என்ன சொல்கிறார் என்று நோத்தேர் கேட்டார். கிணற்றைச் சொன்னேன். அவர் காணி அண்ணையைப் பார்த்து, "இதுவும் அதேதான், முசியே" என்றார்.

காணி அண்ணை பேனாவைத் திறந்தார். அப்பா பெயரும் சேர்த்து, முழுப் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார்.

குடிபூரலுக்குக் கட்டடமே வந்தது. கீழ்வீட்டு மதாம் கேக்கோடும் மேல்வீட்டுக் கிழவர் வைன் போத்தலோடும் வந்து, பால் பொங்குவதை வாய் பிளந்து பார்த்தார்கள். பொங்கி முடிந்து பார்த்தால் மலர் அக்காவைக் காணவில்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெகுநேரம் கழித்துக் காணி அண்ணை மெல்லத் தட்டினார்.

"என்னப்பா, உள்ளுக்கை என்ன செய்யிறீர்?"

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறன்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவசரமாக வந்த மாணவனை அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். "அவ ஆறுதலா வரட்டும்" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்தக் கட்டடத்தில் எந்த வீடு விலைக்கு வந்தாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும்.