ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கம்ப்யூட்டர்

போடிமெட்டு,
ஐப்பசி, 1988

அன்புள்ள மருமகன் சோலைமலைக்கு,

தோட்டத்திலிருந்து உன் மாமன் ஜக்கையன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ராமுத்தாயும் மகள் வீரலட்சுமியும் சுகம். கம்ப்யூட்டரும் சுகம். அதைத் தனியாக எழுதக் காரணம், உன் கடிதத்தில் எங்களை விட்டுவிட்டு அதை மட்டும்தான் விசாரித்திருந்தாய்.

"பெட்டியைத் திறக்காதீங்க மாமா. கெட்டுப்போச்சுன்னா ஜீப்பில ஏத்தி மதுரைக்கு அனுப்புங்க. இல்லாட்டி நானே ஆளோட வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். ஆளோடு வருவாயா? வா. பெட்டி வராது. வருகிற திங்கட்கிழமை மதுரை மில் ஆபீசில் வீரலட்சுமிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் பரீட்சை. அதுவரை அவள் பழகட்டும் என்றுதான் நீ பாடம் நடத்துகிற சென்டரில் சும்மா கிடந்த பெட்டியைக் கேட்டு வாங்கினேன். நம் வகையறாவிலேயே முதல் தடவையாக ஒரு பெண் ஆபீஸ் நாற்காலியில் உட்காரப் போகிறாள். இந்த நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் எதில் விரலை வைத்துப் பழகுவாள், என் முதுகிலா?

திறந்தேன். ஆமாம், திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேள். முதலில் திரை ஆடியது. கொண்டை ஊசி வளைவில் பஸ்சு ஏறும்போது உள்ளே நிற்கிறவன் மாதிரி எழுத்தெல்லாம் நெளிந்தது. உன் ஆளைக் கேட்டிருந்தால் திரையையே மாற்றச் சொல்லியிருப்பான். நான் சுற்றிப் பார்த்தேன். பக்கத்திலேயே ஸ்டெபிலைசர் உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி அடுப்படியில் வைத்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. "கொழம்பு வைக்கிற எடத்துல இந்தச் சனியனக் கொண்டாந்து வச்சா நான் எங்க போய் ஆக்குறது" என்று உன் அத்தைதான் ஆட ஆரம்பித்தாள். அது வேறு கோளாறு, அதை எந்த இன்ஜினியராலும் சரி பண்ண முடியாது.

அடுத்து, சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு, உள்ளே கீச்சுக்கீச்சென்று சத்தம். ராமுத்தாய் எலி என்றாள். வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். எலி இல்லை. உள்ளே வரிசையாகச் சொருகியிருக்கிற அட்டைகளின் பித்தளைப் பல்லில் மலை ஈரம் பட்டுக் களிம்பு ஏறியிருந்தது. வீரலட்சுமியின் பென்சில் ரப்பரை வாங்கித் தேய்த்து, இருந்த இடத்திலேயே சொருகினேன். பெட்டி வாயை மூடிக்கொண்டு சோலியைப் பார்த்தது. இதைத் தெரிந்துகொள்ள நீ மதுரையில் எத்தனை வருஷம் படித்தாய்? நான் படித்தது ஒரு சாயங்காலம்.

மூன்றாவதுதான் உன் காதுக்கு வந்திருக்கிறது. யார் கொண்டு வந்தது என்றும் தெரியும். ஜீப்பு ஓட்டுகிற கண்ணுச்சாமி. அவன் லோடு ஏற்றுவதைவிடச் சேதி ஏற்றுவதுதான் அதிகம். ஐப்பசி மஞ்சு மூட்டம் வீட்டுக்குள்ள வந்து கட்டில்ல நம்மளோட படுக்குற காலம் இது. விசைப்பலகை நமுத்துப்போச்சு. அமுக்கின எழுத்து எந்திரிக்க மாட்டேங்குது. நமுத்ததைக் காய வைக்க இந்த மலையில் எனக்கா ஒருத்தன் சொல்லித்தரணும்? முப்பது வருஷமாகப் பச்சை ஏலக்காயைப் பக்குவமாகக் காய வைக்கிறவன் நான். விசைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துடைத்து, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூட்டுக்குழாய்க்கு மேலே காய் கிடந்த தட்டில் ஓரமாகப் பரப்பினேன். நீ கொடுத்த பிளாப்பியும் நமுத்துத்தானே இருக்கும் என்று அதையும் பக்கத்தில் வைத்தேன்.

காய் தரம் பிரிக்கிற முத்துப்பேச்சி தட்டை அப்படியே எடுத்து விசைகளையும் சேர்த்துச் சல்லடையில் கொட்டிவிட்டாள்.

"என்னத்தா பண்ணுற?"

"வெளுத்துக் கெடந்துச்சு, சொத்தக் காயின்னு நெனச்சேன் மொதலாளி."

"காயில எழுத்து இருக்குமா?"

"இப்பத்தான் எல்லாத்துலயும் சீல் குத்துறாகளே."

எல்லாரும் உட்கார்ந்து பொறுக்கினோம். ஒன்று மட்டும் மூட்டையோடு போடிக்கு ஏலத்துக்குப் போய்விட்டது. சாம்பிள் அள்ளிப் பார்த்த வியாபாரி கையில் இங்கிலீஷ் 'ஈ' வந்ததாம். இது என்ன புதுத் தரம் என்று கேட்டாராம். அந்த எழுத்துக்குப் பதிலாகச் சட்டைப் பித்தானை ஒட்டியிருக்கிறேன், நன்றாக அமுங்குகிறது.

மற்றதைத் திரும்ப மாட்டும்போதுதான் கம்பெனிக்காரன் செய்திருந்த அக்கிரமம் ஞாபகம் வந்தது. கியூவுக்கு அடுத்தது டபிள்யூவாம்! நான் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் வாத்தியார் தோலை உரித்திருப்பார். ஏ, பி, சி, டி என்று ஒழுங்காக அடுக்கிவிட்டேன். வீரலட்சுமி பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து அடித்துப் பார்த்தாள். அவள் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள், விசையைக் குனிந்தே பார்க்க மாட்டாள். "மேல என்ன எழுத்து ஒட்டியிருந்தா என்னப்பா, எனக்கு வெரலுக்கு எடம் தெரியும்" என்றாள். பார்த்துப் பார்த்து அடிக்கிறவனுக்குத்தான் கஷ்டம். நீ வந்து அடிக்காதே.

பிளாப்பி மட்டும் பொரிச்ச அப்பளமா நெளிஞ்சிருச்சு. பரீட்சைக்குப் பழகுகிற பாடம் அதில்தான் இருக்கிறதாம். உள்ளே விட்டால் பெட்டி தொண்டையைச் செருமுகிறது, பாடம் வரவில்லை. டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். "நிமிராதுப்பா, பழகாமப் போனா ஃபெயிலாயிருவேன், மதுரைக்கே கொண்டு போயிருவோம்" என்று காலையிலிருந்து ஒரே பாட்டு.

"தோத்துட்டோம்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வாசல்ல போய் நிக்கணுமா?" என்றேன்.

"ஒருத்தன் என்னப்பா ஒருத்தன், நம்ம அத்தை மகன்தானே?"

"அதனாலதான் ஆத்தா சொல்றேன்."

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பெட்டி இந்த மலையை விட்டு இறங்காது. நீயும் ஏறாதே. வேறு பிளாப்பி இருந்தால் தபாலில் அனுப்பு, அதோடு புத்தி எதுவும் சேர்த்து அனுப்பாதே.

உன் ஆத்தாவை, அதாவது என் தங்கச்சியை, கேட்டதாகச் சொல். குளிர் காலம், காதில் துணி கட்டிக்கொள்ளட்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல், பேரோடு விளங்கு.

இப்படிக்கு,
எதையும் கெடுக்காத உன் மாமன்,
ஜக்கையன்

பி.கு.: கவரில் தபால் தலையை ஒட்டி வைத்துவிட்டு ஸ்டோர் வரைக்கும் போய் வந்தேன். மேசை காலி. பெட்டி இல்லை, திரை இல்லை, வீரலட்சுமியும் இல்லை. "கண்ணுச்சாமி ஜீப்புல மூட்டைக்கு நடுவுல வச்சு, ஒங்க கம்பளியச் சுத்திக் கொண்டு போயிட்டா. போடியில ரயிலு ஏறிருவாளாம், பரீட்சைய முடிச்சிட்டுத்தான் வருவாளாம்" என்கிறாள் உன் அத்தை. "நீ பாத்துக்கிட்டா இருந்த?" என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு எங்க இருந்தேன், நானும்தான் ஒரு கை பிடிச்சுத் தூக்கி விட்டேன்" என்கிறாள். தோட்டத்து ஆள் வேலுச்சாமியைப் போடிக்கு விரட்டி உனக்குத் தந்தி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்: 'பொண்ணும் பெட்டியும் ரயிலில் வருது. ஸ்டேஷனுக்குப் போ.' தந்திதான் முதலில் வரும், அதன்படி நட. நல்ல பிளாப்பியாக எடுத்து வை, உன் சென்டரில் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடு, ராத்திரி பகல் பார்க்காமல் பழகட்டும், எதுவும் கேட்டு அவளைத் திட்டாதே, திட்ட வேண்டியதை எல்லாம் எனக்கு எழுது. இந்தக் கடிதத்தை நீ படிக்க வேண்டியதில்லை. ஒட்டின தபால் தலையைப் பிய்க்க மனசு வராமல்தான் அனுப்புகிறேன்.