நங்கூரமாகிப் போன பதினாறு கிலோ

கோணேசர் துணை

திருகோணமலை,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி தனஞ்சயனுக்கு,

அக்கா புஷ்பவதி எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் நலம். சல்லிக் கிராமத்தில் நீயும் சுலோஜனாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன்னுடைய தோணி மட்டும் கொஞ்சம் ஆடினாலும் எனக்குக் கவலையில்லை. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் இதை அலியார் காக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் மீன் எடுக்க வரும்போது தருவார்.

மகள் லக்சாயினி அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற கெட்டில்பெல், கைபிடி வைத்த அந்தப் பதினாறு கிலோ இரும்பு, முதலில் கச்சான் காற்றுக்குப் பின்கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்கத்தான் கிடந்தது. ஒருநாள் கூட்டும்போது தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான், ஒன்பது வருடமாக விடியலில் தூக்கிக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு அப்பால் மான்கள் நின்று பார்க்கும், துறைமுகம் அசையாமல் கிடக்கும், மூச்சும் கையும் ஒன்றான பிறகு நான் அதைத் தூக்குகிறேனா அது என்னைத் தூக்குகிறதா என்று தெரியாது. போன மாதம் கோதுமைக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் நுழையும்போது தொடங்கினேன். அது மெல்ல மெல்ல வந்து மலைக்குப் பின்னால் மறைந்தபோதுதான் கீழே வைத்தேன். மணிக்கூடு பதினொரு நிமிடம் என்றது! உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் கஜீபனிடம் சொன்னேன். "கெட்டில்பெல் போட்டியில பத்து நிமிசம்தான் அக்கா. இடையில கீழ வைக்க ஏலாது. கொழும்புக்கு வாங்கோவன்" என்றார். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு ஆசை வந்துவிட்டது, தம்பி. பெயரைக் கொடுத்துவிட்டேன். அத்தான் கதிரையில் இருந்தபடியே கேட்டார், "பத்து நிமிசமாத் தூக்கி எங்கயப்பா கொண்டுபோய் வைக்கப்போறீர்?" எடுத்த இடத்தில்தான் என்றேன். அவர் திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார்.

அப்படியிருக்க, இரண்டு கிழமைக்கு முன் நங்கூரத்தைத் தொலைத்துவிட்டு நீ வந்தாய். நான் கந்தோரில் வேலையாக இருந்தேன். "இரும்பு இருக்கு, மேல வளையம் இருக்கு, கயிறு கட்டத்தானே செய்திருக்கிறாங்கள், அத்தான்?" என்று கேட்டாயாம், அவரும் ஓம் என்றாராம், நீ தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போனில் கேட்டால், "கச்சான் நிக்கட்டும் அக்கா, கொண்டந்து தாறன்" என்கிறாய். கச்சான் ஓய ஒக்டோபர் ஆகும். சல்லிக் கரைக்கு வந்தும் பார்த்தேன். தோணி நிற்கிறது, கயிறு தண்ணீருக்குள் இறங்குகிறது, அடியில் என் ஒன்பது வருடம் கிடக்கிறது. உன்னை ஏசத்தான் வந்தேன். அது மணலில் கிடக்க மீன்கள் சுற்றிப் போவதை நினைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பினேன். பிறகு தண்ணீர்க் கானைத் தூக்கிப் பழகினேன், மூடி கழன்று குசினி முழுக்க வெள்ளம், அத்தான் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு நான் போகவில்லை. என்னுடைய கெட்டில்பெல் இல்லாமல் ஏலாது என்று கஜீபனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். குற்றம் முழுக்க உன்னுடையது. சொன்ன பிறகு எனக்கு நல்ல நித்திரை வந்தது. அது ஏனென்றுதான் விளங்கவில்லை.

சுலோஜனாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கும், கடலுக்குள் கிடப்பவருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாயிருக்கும் அக்கா,
புஷ்பவதி

பி.கு.: உறையை ஒட்டப் போக, கஜீபன் போன் எடுத்தார். "கெட்டில்பெல் அங்க அவையளே தருவினம் அக்கா. நீங்கள் வெறுங்கையோட வந்தாலே காணும்." தம்பி, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்குப் பயம். இரும்புக்கு இல்லை, அந்தப் பத்து நிமிடத்துக்கு. அந்தப் போட்டி மண்டபத்துக்குள் கப்பல் வராதே! ஆகவே சனிக்கிழமை ரயிலில் நீயும் என்னோடு வா. நான் தூக்கத் தொடங்கியதும் என் கண்முன்னால் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு நட. போய்ச்சேரப் பத்து நிமிடம் ஆக வேண்டும். அவசரப்படாதே.