ஷெர்லின் படித்த நாற்பத்தாறு புத்தகங்கள்

குரங்கணி,
மார்ச் 14, வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஸ்டான்லி அண்ணனுக்குத் தங்கை ஞானபாக்கியம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. அவருடைய கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஷெர்லினும் சுகம். அடைக்கோழி மட்டும் சுகமில்லை. மதுரையில் நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்களை ஐந்தாவதாக நினைக்கிறேன்.

நிற்க. ஷெர்லினை வீட்டில் வைத்து நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவர, போன வாரம் ரிட்டையர்டு வாத்தியார் தங்கபாண்டியன் சாரை அனுப்பினீர்கள். சாருக்குத் திருப்தி என்றால் பிள்ளை என்னோடு இருக்கலாம், இல்லையென்றால் ஜூன் மாதம் மதுரை விடுதிப் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. சார் உங்களிடம் போனில் 'என்னால மார்க்குப் போட முடியல' என்று சொன்னதாக மதினி சொன்னார்கள். அதற்குக் காரணம் பிள்ளை அல்ல என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜீப்பில் ஏறினால் போடிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் ஷெர்லின் ஐந்து தடவை வாந்தி எடுப்பாள், திரும்பும்போது நான்கு. இதை இரண்டு வருஷம் டைரியில் குறித்துவைத்த பிறகுதான் ஏழாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினேன். நானும் ஆங்கிலத்தை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. ஓர் அகராதி, ஓர் ஆங்கில ஜெபப் புத்தகம், பதினோரு வருஷம், அவ்வளவுதான். அதனால் பிள்ளையின் ஆங்கிலத்தில் பக்தி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சார் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டதும், 'மகா இரக்கமுள்ள ஐயாவே, இந்த எளிய பாத்திரத்தை ஏற்றுக்கொண்டருளும்' என்ற பொருளில் ஆங்கிலம் பேசிச் செம்பை நீட்டினாள். சார் குடிப்பதற்கு முன் எழுந்து நின்றுவிட்டார். மொழிப் பாடம் இவ்வாறு நன்றாகவே தொடங்கியது.

இலக்கியத்தில்தான் சிக்கல். மேலே எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது நாற்பத்தாறு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை இரண்டு சாக்கில் கட்டி உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள். பக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், பதினாலாயிரத்து இருநூற்று அறுபது. நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் நான்கு வருஷம் ஆகும், நீங்கள் கொடுத்த கெடுவோ மார்ச். நான் கவலைப்பட்டதைப் பார்த்து உங்கள் மாப்பிள்ளை, "இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க! ஏலக்கா மூட்டையப் பூராவுமா கொட்டிப் பாக்குறோம்? மேல, நடுவுல, அடியில, மூணு எடத்துல கைய விட்டுப் பாத்தா சரக்கு என்னான்னு தெரிஞ்சுபோகும்" என்றார். இருபது வருஷம் காய் பார்த்த கை. நானும் அப்படியே புத்தகத்துக்கு முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் என்று அட்டவணை போட்டேன். மொத்தம் நூற்று முப்பத்தெட்டுப் பக்கம், பதினான்கு நாளில் முடிந்தது.

இடையில் விட்டுப்போனதை, எங்களிடம் ஏலக்காய் பொறுக்க வரும் குருவம்மாளும் மூக்கம்மாளும் நிரப்பிக்கொடுத்தார்கள். ஒரு கதையில் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள், நடுப்பக்கத்தில் கப்பலில் நின்று அழுகிறாள், கடைசிப் பக்கத்தில் ஒரு கல்லறையில் பூ வைக்கிறாள். கல்லறை யாருடையது?

"அப்பனுதுதான். கதவ அறைஞ்சவளுக்கு வேற யாரு போவா?" என்றாள் குருவம்மாள்.

"அட போக்கா, கப்பல்ல கூட வந்தவனுது. ஒருத்தன் இல்லாம பொம்பள எதுக்குக் கப்பல் ஏறுறா?" இது மூக்கம்மாள்.

"அத்த, அந்தப் பக்கத்துல ஆம்பளையே இல்ல" என்றாள் ஷெர்லின்.

"இல்லாமத்தான்டி அழுவுறா!"

சார் கேள்வி கேட்க எடுத்தது அதே புத்தகம். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் நடத்திய கதையாம். கல்லறை யாருடையது என்று கேட்டார். ஷெர்லின் எழுந்து நின்று, இதில் குருவம்மாள் ஒரு கருத்தும் மூக்கம்மாள் வேறொரு கருத்தும் கொண்டிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். சார் கண்ணாடியைக் கழற்றி, "இவங்கள்லாம் எந்த யுனிவர்சிட்டிம்மா? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். உங்கள் மாப்பிள்ளை, "உள்ளதான் காய் பொறுக்கிக்கிட்டிருக்காங்க சார், வரச்சொல்லட்டா?" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பிள்ளை கப்பலைச் சொன்னாள். "கப்பலா? அந்தக் கதையில ஏதும்மா கப்பல்?" என்று சார் சிரித்தார். ஷெர்லின் நூற்று ஐம்பத்தெட்டாம் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள். சார் படித்தார், அடுத்த பக்கம் புரட்டினார், அதற்கடுத்ததும் புரட்டினார். டீ ஆடை கட்டி ஆறிப்போயிற்று. கடைசியில், "நான் நோட்ஸ வச்சுத்தாம்மா நடத்துனேன். நோட்ஸுல கப்பல் இல்ல" என்றார். "நோட்ஸுக்கு சாம்பிள் எடுத்தவன் சரியில்ல சார்" என்று உங்கள் மாப்பிள்ளை ஆறுதல் சொன்னார். சார் நாலு மணி ஜீப்பை விட்டுவிட்டு ஆறு மணி ஜீப்பில் புத்தகத்தோடு போனார். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு மார்க்கு எப்படிப் போடுவார், நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்து, "கல்லறை அவ அம்மாவுதும்மா" என்றார். காய் பொறுக்கும் இடத்தில் போய்ச் சொன்னேன். "ஆத்தாவ ஒருத்தரும் நெனைக்கல பாரேன்" என்றாள் மூக்கம்மாள்.

ஆகவே அண்ணே, முப்பத்தொரு வருஷம் நடத்தியவருக்கே தெரியாத கப்பல் என் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை இன்னும் இரண்டு வருஷம் என்னிடமே இருக்கட்டும். விடுதியில் போர்வை மெல்லிசு என்று கேள்வி, இவளோ சளி உடம்பு. இது ஒரு பக்கம் இருக்க, காலையில் எழுந்து பேச எனக்கும் இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

மதினியின் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன், தைலமும் அனுப்புகிறேன், இரண்டில் ஒன்று கேட்கும். உங்கள் வீட்டு வாசலில் கர்த்தருடைய காவல் எப்போதும் இருப்பதாக.

அன்புத் தங்கை,
ஞானபாக்கியம் சாம்சன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஷெர்லின், மாமாவுக்கு என்று ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி, இதையும் உள்ளே வையுங்கள் என்றாள். அகராதியோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். நாற்பத்தாறு புத்தகத்தையும் முழுதாகவே படித்துவிட்டாளாம். நான் அட்டவணை போட்ட ஆசையைக் கெடுக்க வேண்டாமென்று சொல்லாமல் இருந்தாளாம். இனி அந்தக் கதைகளைப் படித்த இன்னொரு பெண்ணோடு பேச வேண்டுமாம். விடுதிக்கே வருகிறாளாம். ஜீப்பில் கண்ணை மூடிக்கொள்வாளாம். 'அம்மா பேசும் ஆங்கிலம் மிகவும் அழகானது மாமா, ஆனால் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பேசுவதில்லை' என்று ஒரு வரி. ஆகையால் மேலே நான் எழுதியதைத் தள்ளிவிட்டு ஜூனுக்கு இடம் சொல்லிவையுங்கள். பிள்ளை எழுதியதை மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஒரே ஒரு பிழை இருந்திருந்தாலும் அதைக் காட்டியே இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டிருப்பேன். ஒன்றுகூட இல்லை.