ஆட்டுக்கு விழுந்த கும்பிடு

ஜெலுத்தோங், பினாங்கு
தை மாதம், 2603

மரியாதைக்குரிய தைப்பிங் சுப்பையா மாமா அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை மகள் நல்லம்மாள் பணிவோடு எழுதுவது. (பணிவு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும்.) மேலே ஆண்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், ஜப்பான்காரன் கணக்கில் இப்போது அதுதான். ஒரே ராத்திரியில் எனக்கு அறுநூற்றறுபது வயது கூடியும் இன்னும் பாவாடைதான் கட்டுகிறேன். மரவள்ளிக்கிழங்கின் தயவால் இங்கே எல்லாரும் சுகம். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் இதை மீரா சாகிப் கருவாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறார். கண்ணாடி உடைந்துவிட்டது, மகள் வள்ளிதான் வாசிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கச் சொல்லவும்.

நிற்க. பயிற்சிக் கல்லூரியில் வருங்கால வாத்தியார்களுக்குப் பாடம் எடுக்கும் எங்கள் அய்யாக்கண்ணு அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியது கிடைத்தது. பெயரிலேயே கண்ணை வைத்துக்கொண்டு கண் தெரியாதவர்களுக்குப் பந்து விளையாடச் சொல்லிக்கொடுக்கிறவனுக்குப் பெண் இல்லை, தைப்பிங் ஆபீசில் குமாஸ்தா வேலை தயார், வந்தால் வள்ளி, வராவிட்டால் வேறு மாப்பிள்ளை. புரிந்தது. அதற்குள் நடந்ததைக் கேளுங்கள்.

அண்ணன் பிரம்புப் பந்துக்குள் சலங்கை வைத்திருக்கிறான். அது உருளும் சத்தத்தை வைத்துத்தான் ஆட்டம். அவனிடம் படிக்கிற வாத்தியார்களும் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் அந்த வகுப்பில் நிற்க வேண்டும். கட்டாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்பான். போன வாரம் ஜப்பான் அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். பிடிக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவார் என்று பேச்சு. முதலில் எல்லாரும் கிழக்கே பார்த்துச் சக்கரவர்த்திக்குக் குனிய வேண்டும். கண் தெரியாதவர்களுக்குக் கிழக்கு எது? அண்ணன் கிழக்கு ஓரத்தில் நின்று சலங்கையை ஆட்டுவான், அதுதான் கிழக்கு. நான் அவனுக்கு அவித்த கிழங்கு கொண்டுபோயிருந்தேன். என் பின்னாலேயே ஹபீபா பீவி வீட்டு ஆடும் வந்துவிட்டது. எங்கள் மரவள்ளிச் செடியைத் திருட்டுத்தனமாய் மேய்கிற ஆடு. வந்தால் தெரியட்டும் என்று நான்தான் காலையில் அதன் கழுத்தில் அண்ணனுடைய சலங்கை ஒன்றைக் கட்டியிருந்தேன். அதிகாரி கட்டளை போட்டார். அண்ணன் கிழக்கே மெதுவாக ஆட்டினான், ஆடு மேற்கே கக்கூஸ் வாசலில் நின்று பலமாக ஆட்டியது. வரிசை முழுக்க மேற்கே திரும்பி, கண் கட்டிய வாத்தியார்கள் உட்பட, கக்கூசையும் ஆட்டையும் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தது.

பளார் என்று ஒரு சத்தம். வரிசையில் நின்ற விநாசித்தம்பி, அண்ணனுடைய கெட்டிக்கார ஆட்டக்காரர், குனிந்தபடியே கேட்டார்: "சார், ஆட்டையா அடிச்சாங்க?"

"இல்லலா, என்னையத்தான்" என்றான் அண்ணன்.

இரண்டையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்ட அதிகாரி கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்தார். பிறகு ஒரு வாத்தியாரின் துண்டைப் பிடுங்கித் தன் கண்ணில் கட்டிக்கொண்டு பந்தைப் போடச் சொன்னார். வாளோடு மண்ணில் தவழ்ந்தார், பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். விநாசித்தம்பிக்குப் பொறுக்கவில்லை. "பந்து பின்னால ஓடாதீங்க தொர. நின்னு கேளுங்க, அதுவா உங்ககிட்ட வரும்." அதையும் மொழிபெயர்த்தார்கள். நின்றார், கேட்டார், பிடித்தார், பிடித்த பந்தைத் திருப்பித் தர மனசே இல்லாமல் நின்றார். வகுப்பு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் வீட்டில் அம்மா அண்ணன் கன்னத்தில் இருந்த விரல் அடையாளத்தைப் பார்த்துவிட்டார். இனி இந்த வேலை வேண்டவே வேண்டாம் என்று ஒரே முடிவு. ஆகவே, அண்ணன் கல்லூரி வேலையை விட்டுவிட்டான், பங்குனியில் தைப்பிங் வந்து குமாஸ்தா நாற்காலியில் உட்காருவான், தாங்கள் நாள் பார்க்கவும். அத்தைக்கு நமஸ்காரம், வள்ளிக்கு என் முத்தம், கூடையில் உள்ள கருவாடு தங்களுக்கு.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
நல்லம்மாள்

பின்குறிப்பு: அம்மா கிழங்கு அவிக்கப் போய்விட்டார். அந்தக் கடைசிப் பத்தி அவர் சொல்லச் சொல்ல எழுதியது. அண்ணன் வேலையை விடவில்லை, விடவும் மாட்டான். கேட்டதற்கு, "மாமாவுக்கு வேண்டியது குமாஸ்தா மருமகன் இல்லலா. கையப் புடிக்காம நடக்கச் சொல்லிக்குடுக்கிற மருமகன்" என்றான். கோபிக்காதீர்கள் மாமா, உங்கள் கண்ணாடி உடையவே இல்லை, மூக்கிலேயேதான் இருக்கிறது என்று வள்ளி எனக்கு எழுதிவிட்டாள். (வள்ளி, இருமாமல் வாசி.) தீபாவளிக்கு இங்கே வந்தபோது காப்பியைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினீர்களே, நாங்கள் எல்லாரும் பேசாமல் மேசையைத் துடைத்தோம். அண்ணன் மட்டும் இன்னொரு குவளையை டங்கென்று தட்டி வைத்தான். சத்தம் வந்த இடத்தில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினீர்கள். அது முதல் பாடம். இரண்டாவதற்கு வள்ளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆட்டுச் சலங்கையை அவிழ்த்துவிட்டேன்.