காவியம் கெட்டுவிடும் என்று சொன்னவன்

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் ராயபுரத்தில் யாரும் தலை நிமிர்வதில்லை. பால் வாங்குகிறவர்கள் பால் வாங்குவார்கள், தெருநாய் ஒன்றிரண்டு பதிலுக்கு ஊளையிடும், அவ்வளவுதான். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். (டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.)

காரணம் ஒரு சினிமா. சினிமாகூட இல்லை, அதைப் பற்றி நான் பேசிய பேச்சு. படம் பார்த்து அழுகிறவனோடு ஒரு பெண் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். படத்தை விளக்குகிறவனோடு டீ குடிப்பதே ஆபத்து.

அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. பகலில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் குமாஸ்தா, மாலையில் வசனகவிதை. உப்பும் டீசலும் கலந்த இந்தக் காற்றைப் பற்றி நான் எழுதாத வரி இல்லை. என் புத்தகங்களைப் புரட்டியதும் பெரும்பாலும் அந்தக் காற்றுதான். அது தவிர, பிலோமினா.

பிலோ பக்கத்துத் தெரு மருத்துவமனையில் நர்ஸ். என் கவிதையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க, ஆனா இதுல யாரு யாரை என்ன பண்றாங்க?" என்று கேட்ட ஒரே வாசகி. சில வருடப் பழக்கம். கல்யாணம் என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். அவள் நடந்து, நான் பறந்து.

ஒருநாள் காசிமேட்டில் கடலோரக் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தபோது, குவைத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் போ என்கிறார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

'வேண்டாம்' என்றால் முடிந்தது. மீன் பொறுக்க வந்த காக்காய்கூட அதைச் சொல்லியிருக்கும். நானோ, சனிக்கிழமை திருவொற்றியூரில் எங்கள் திரைப்பட வட்டத்தில் படம் போடுகிறோம், நான்தான் பேசுகிறேன், வா, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். மேடையில் என்னைப் பார்த்துவிட்டால் அவளுக்குக் குவைத் மறந்துபோகும் என்பது என் திட்டம். (எழுதும்போதே காது சுடுகிறது.)

படம் பழைய கறுப்புவெள்ளை, போர்க்காலக் காதல். கடலோர ஊர் ஒன்றில் கலங்கரை விளக்கக் காவலன். குண்டுக்குப் பயந்து விளக்கை அணைத்துவைக்கச் சொல்லி உத்தரவு. அந்த ஊரில் அகதியாக ஒதுங்கிய ஆசிரியை ஒருத்தி. இருவருக்கும் காதல், இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசிக் கப்பல் புறப்படுகிறது. அவள் துறையில் பெட்டியோடு நின்று கோபுரத்தையே பார்க்கிறாள். அவன் இறங்கி வரவே இல்லை. கப்பல் கிளம்பிய பிறகு, உத்தரவை மீறி ஒரே ஒருமுறை விளக்கை ஏற்றுகிறான். சங்கு ஊதுகிறது. முடிந்தது.

தொழிற்சங்கக் கட்டட மாடி. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றில் வரும் கந்தக நாற்றத்துக்கு ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற துறைமுக ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், என் அக்கா, அக்காவுக்குப் பக்கத்தில் நல்ல புடவை கட்டிய பிலோ. படம் முடிந்து விளக்கு போட்டார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். அதற்குப் பிறகு மைக்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

காவலன் மனிதனே அல்ல, மௌனம் என்றேன். அந்தப் பெண் பெண்ணே அல்ல, அலை என்றேன். காதல் பிடித்துவைப்பதல்ல, வழியனுப்புவது. கைவிடத் தெரிந்தவனே காதலன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டினார். (தூங்கினார் என்று பிறகு தெரிந்தது.)

கேள்வி நேரம். பெண்கள் பக்கமிருந்து யாரும் எழுந்து பார்த்ததில்லை. அன்று பிலோ எழுந்தாள். எனக்கு மார்பு விம்மியது, என் ஆள் எப்படி என்று.

"அந்தப் பொண்ணு எதுக்குங்க அவ்ளோ நேரம் பெட்டியோட நின்னுச்சு?"

அது போரின் தனிமையைக் காட்டும் காட்சியமைப்பு என்றேன். புரொஜெக்டர் பக்கமிருந்து என் சிநேகிதன் குமார் குரல் கொடுத்தான்: "இன்னா மாமு, இதுகூடவா பிரியல? அவன் கூப்புடுவான்னு நின்னுகினு கீது." கூட்டம் சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

பிலோ சிரிக்கவில்லை. "அவன் எறங்கி வந்து, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரான கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. நான் தண்ணீர் ஒரு வாய் குடித்து, இடைவெளி விட்டு, கணீரென்று சொன்னேன்: "சொல்லியிருந்தால் காவியம் கெட்டுவிடும், அம்மா."

அம்மா என்றேன். மேடை மரியாதையாம். கைதட்டல் வேறு.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தட்டை டொக்கென்று வைத்தாள். "அவ படத்தையா கேட்டா? உன்ன கேட்டாடா, பேமானி." சினிமாவையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொள்வதுதான் நம் ரசிகர்களின் குறை என்று அவளுக்கு விளக்கியபடியே நான் இரண்டாம் முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை பிலோ குவைத்துக்குச் சரி சொல்லிவிட்டாள். புதன்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து போனில் வாழ்த்துப் படம் வரும், பாலைவனத்திலிருந்து பனிமனிதன். நான் கைகூப்பிய பொம்மை ஒன்று அனுப்புவேன். அலையும் மௌனமும் இப்படித்தான் உறவாடிக்கொள்கின்றன.

அக்கா வீட்டில் அந்தப் பேச்சுக்கு இன்னும் கைதட்டல் ஓயவில்லை. போன மாதம் அக்கா மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போகட்டுமா என்று கேட்க என் பக்கம் திரும்பினாள். அக்கா புருஷன் உள்ளேயிருந்து கத்தினார்: "அவன கேக்காத. போவாதன்னு சொன்னா காவியம் கெட்டுடும்." குடும்பமே சிரித்தது. என் சிரிப்புதான் எல்லோரையும்விடச் சத்தம். பழக்கம்.

அவர்கள் யாருக்கும் தெரியாத கடைசிக் காட்சி ஒன்று உண்டு. கேள்வி நேரம் முடிந்ததும் பிலோ எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே இறங்கி ஓடினேன், பேச்சு எப்படி என்று கேட்க. கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்த நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ நின்றது. அவள் ஏறி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் இடம் காலி. அது நிறையாமல் வண்டி நகராது.

"கெட்டுப்போனா போகட்டுமேங்க," என்றாள். "ரெண்டு பேரு நல்லா இருந்திருப்பாங்க இல்ல?"

அப்படிப் பார்த்தால் உலகத்தில் இலக்கியமே இருக்காது பிலோ என்று தொடங்கினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சார், ஒரு ஆளு கொறையுது. ஏறிக்கிறியா?"

நான் மாடியைப் பார்த்தேன். மைக்கில் என் பெயரைச் சொல்லி, சால்வை போர்த்தக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் என்று டிரைவரிடம் விரலைக் காட்டினேன்.

பிலோ கைப்பையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.

"அவர் வரமாட்டாருண்ணா. ரெண்டு பேருக்கும் நானே குடுத்துர்றேன். நீங்க எடுங்க."