இன்னும் ஆறு மாசக்காரர்

மனிதர்களில் எத்தனையோ இனங்கள் உண்டு. இன்று உங்களுக்கு நான் பிடித்துக் காட்டப்போவது 'இன்னும் ஆறு மாசக்காரர்' என்கிற இனம். பயப்படாதீர்கள், கடிக்காது. உட்கார இடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எழுந்திருக்காது.

நீண்ட போர் நடக்கும் காலத்தில் இந்த இனம் கொழுகொழுவென்று வளரும். போர் நடக்கிற நாட்டில் அல்ல, அங்கே அதற்கு ஆயுசு குறைவு. போருக்கு ஆள் அனுப்புகிற நாட்டில், சூடான காப்பியும் தொலைக்காட்சியும் சாய்வு நாற்காலியும் உள்ள வீட்டில். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள எங்கள் மலையூரில் இதன் சிறந்த மாதிரி வெண்டல் ஹாஸ்கின்ஸ். இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். வண்டியின் பின்னால் 'நம் வீரர்களுக்குத் துணை நிற்போம்' என்று மஞ்சள் ரிப்பன் இருக்கும். ஒட்டியது அல்ல, காந்தம். ஒட்டினால் பெயின்ட் போய்விடுமே!

'நாம' என்ற சொல்லை இவரைப்போல் வாரி இறைப்பவரைக் காண முடியாது. ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும். "நாம பாதியில விட்டுட்டு வரக்கூடாது", "நாம இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கணும்", "இந்தக் குளிர்காலம்தான் முக்கியம்." எல்லாக் குளிர்காலமும் முக்கியமான குளிர்காலம். சரி, அந்த 'நாம'வுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? வெண்டல் இல்லை, வயதாகிவிட்டது. அவர் மகனும் இல்லை. அவன் ஃப்ளோரிடாவில் வீடு விற்கிறான், முட்டி சரியில்லையாம். பனிச்சறுக்குக்கு இங்கே வரும் வாரத்தில் மட்டும் அந்த முட்டி தானாகக் குணமாகிவிடும், மருத்துவர்களே வியக்கிறார்கள். எஞ்சியிருப்பது பக்கத்து வீட்டு கொரின் தீபோவின் மகள் ஜோலின். கல்லூரிச் சம்பளத்தைப் படை கட்டும் என்று தேசியக் காவல் படையில் சேர்ந்தவள். அந்தப் போர் தொடங்கியபோது அவள் ஒன்றாம் வகுப்பில் காகிதக் கொடிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். பசை காய்ந்தது, பிள்ளை வளர்ந்தாள், போர் மட்டும் அப்படியே இருந்தது. போய் அதில் சேர்ந்துகொண்டாள்.

மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுவது ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஒருவர் அடுப்புக்கு விறகு தள்ள, இன்னொருவர் காய்ச்சும் தட்டின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்து பாகு பதத்தைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். கொரினின் கொட்டகையில் அது ஜோலினின் ஸ்டூல். அவள் கிளம்பிப் போன வாரம் ஒரு முள்ளம்பன்றி வந்து கொட்டகைப் பலகையைக் கொறித்தது. மறுநாளே துப்பாக்கியும் பொறியுமாக வெண்டல் வந்து இறங்கினார்.

"ஒரு வாரம் குடு கொரின். முள்ளம்பன்றிங்கிற பேச்சே இருக்காது."

ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

முள்ளம்பன்றிக்கு உப்பென்றால் உயிர். ஆகவே மாட்டுக்கு வைக்கிற பெரிய உப்புக்கட்டி ஒன்றை வாங்கிவந்து பொறிக்குள் வைத்தார். செய்தி பரவியது. பக்கத்து மலையிலிருந்து வந்தன, அடுத்த மாவட்டத்திலிருந்து வந்தன, கனடா எல்லையைத் தாண்டிப் பேரன் பேத்திகளோடு ஒரு குடும்பம் நடந்தே வந்ததாக நம்பத் தகுந்த வட்டாரம் சொல்கிறது. அந்த வட்டாரம் நான்தான். வந்த விருந்தாளிகள் உப்பை நக்கிவிட்டுச் சும்மாவா இருக்கும்? பலகையையும் தின்றன. "பாத்தியா, எதிரி பலமாயிட்டான். இப்பப் போய்க் கிளம்ப முடியுமா?" என்றார் வெண்டல்.

கொரினுடைய கிழ நாய்க்குப் பயிற்சி வேறு. "இது சொந்தக் கால்ல நிக்கற அன்னிக்கு நான் எழுந்துடுவேன்" என்று சொல்லி, தினம் மாட்டிறைச்சித் துண்டு போட்டார். நாய் துண்டைத் தின்றுவிட்டு, முள்ளம்பன்றிகள் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டது. அதன் மூக்குக்குத் தெரிந்த நியாயம் அதற்கு.

"எப்பத்தான் கிளம்புவ வெண்டல்?" என்று கொரின் கேட்பாள். காப்பியை ஊதியபடியே பதில் வரும்: "இன்னும் ஆறு மாசம்." ஒரு வசந்தம் போய் மறு வசந்தமும் வந்தது. அதற்குள் ஜோலின் திரும்புவதும் ஒருமுறை தள்ளிப்போய், பாகு காலத்துக்குள் வந்துவிடுவாள் என்றார்கள். ஊர்க்கூட்டத்துக்கு முந்தின வாரம் மறுபடி செய்தி வந்தது. எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும்.

மார்ச் மாத முதல் செவ்வாய் எங்கள் ஊர்க்கூட்டம். பனியுருக்கச் சாலையில் போடும் உப்பு, பனி வாரும் வண்டி, நூலகக் கூரை எல்லாவற்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று வாயாலேயே ஓட்டு. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து, முடிந்ததும் சேர்ந்து சாப்பாடு. அந்த வருஷம் கடைசித் தீர்மானம் கொரின் கையெழுத்து வாங்கிப் போட்டது: படைகளைத் திருப்பி அழைக்குமாறு அரசை இந்த ஊர் கேட்டுக்கொள்கிறது. ஊர்க்காகிதத்துக்குத் தலைநகரம் நடுங்காது, தெரியும். ஆனால் ஊராவது தன் பிள்ளையை 'வா' என்று கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை.

வெண்டல் எழுந்து நாம, நாம என்று நீளமாகப் பேசி உட்கார்ந்தார். கொரின் எழுந்தாள்.

"நடுவரே, ஒரு திருத்தம். ஆப்கானிஸ்தான் ரொம்ப தூரம். எனக்குத் தெரிஞ்ச எடம் என் கொட்டகைதான். முதல்ல அங்கேருந்து வெண்டலைத் திருப்பி அழைக்கணும்னு ஊர் சொல்லட்டும்."

கூடம் அதிர்ந்தது. கூட்டத்தை நடத்தும் நடுவர் டேரிலுக்குச் சிரிப்பில் கண்ணாடி நழுவியது. விதியில் இடமிருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை, அனுமதித்துவிட்டார்.

"இது கேலி பண்ற விஷயமில்ல!" வெண்டல் சிவந்தார். "நான் இன்னிக்குப் போனா நாளைக்கே அதுங்க கொட்டகையத் தின்னுடும்!"

"உப்பு வெச்சு அழைச்சதே நீதானப்பா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அது தந்திரம்!"

"எப்ப முடியும் உன் தந்திரம்?"

"நிலைமையப் பாத்துதான் சொல்லணும். இன்னும் ஒரு..."

"ஆறு மாசம்!" என்று கூடமே சேர்ந்து முடித்தது.

ஓட்டு. கூரைப்பனி சரிந்து விழும்படி 'ஆம்' எழுந்தது. வெண்டல் மட்டும் 'இல்லை.'

கொரின் உட்காரவில்லை. "எவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க பாத்தீங்களா? அவர் போனா என்ன ஆகும்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அதே வாயால என் பொண்ணுக்கும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் திடீரென்று பூட்ஸ் நாடாவில் வேலை வந்தது.

"அது வேற, இது வேற கொரின்" என்றார் ஒருவர். "அங்க போன உசிரெல்லாம் வீணாயிடுமேம்மா" என்றார் இன்னொருவர். பள்ளி ஆசிரியை மட்டும் நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அங்க பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்களே கொரின். நாம வந்துட்டா?"

"அந்தக் கேள்வி என்னையும் தூங்க விடலம்மா. ஜோலின்தான் அதுங்க போட்டோவ அனுப்புறா. ஆனா அதுக்குப் பதில் இன்னும் ஆறு மாசமா? அவ ஒண்ணாங்கிளாஸ் படிச்சப்பலேருந்து இதே பதில்தானே சொல்றோம்?"

 சமையலறையிலிருந்து பன்றி இறைச்சியும் வெந்த பீன்ஸும் மணந்தன. எந்தத் தொண்டை என்று தெரியவில்லை, ஒன்று செருமிக்கொண்டு சொன்னது: "இதை இப்போதைக்குத் தள்ளி வெக்கலாம்னு நான் சொல்றேன். சாப்பாடு ஆறுது."

அதற்கும் ஓட்டு. இந்த 'ஆம்' உதடு அசையாமல் வந்தது. பக்கத்தில் இருப்பவர் சொன்னாரா, நாம் சொன்னோமா என்றே தெரியாத 'ஆம்.' 'இல்லை' சொன்னது கொரின் மட்டும்.

பிறகு எல்லோரும் அவள் தட்டில் மிகுந்த பாசத்தோடு பீன்ஸ் வைத்தார்கள்.

வெண்டல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அன்று மாலையே ஸ்டூலைவிட்டு எழுந்து, பொறியையும் உப்புக்கட்டியையும் தன் வீட்டு வண்டிக்கொட்டிலுக்கு எடுத்துப் போனார். முள்ளம்பன்றிகளும் பேரன் பேத்திகளோடு அவர் பின்னாலேயே போய்விட்டன. இப்போது அவருடைய கதவைத் தின்கின்றன. உதவிக்கு வருகிறேன் என்று யாராவது படியேறினால், "எவ்வளவு நாள் ஆகும்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார்.

கொரின் தனியாகக் காய்ச்சுகிறாள். விறகு தள்ளிவிட்டுத் தட்டுக்கு ஓடுவாள், தட்டிலிருந்து விறகுக்கு. இந்த வருஷப் பாகு கொஞ்சம் கருகல். ஆனால் அந்த ஸ்டூலில் அவள் உட்காருவதில்லை, யாரையும் உட்கார விடுவதும் இல்லை.

சிரித்துக்கொண்டுதான் படித்தீர்கள் இல்லையா? வெண்டலைத் துரத்தியபோது நீங்களும் 'ஆம்' என்றீர்கள், என் காதில் விழுந்தது. தீர்மானம் தள்ளிப்போனபோது? "இருந்தாலும், சட்டென்று கிளம்பிவிட முடியுமா, கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?" என்று உள்ளே ஏதோ முனகியதே, அது யார்? தவறு ஒன்றும் இல்லை, நியாயமான கேள்விதான். வெண்டலும் நியாயமான மனிதர்தான். கேள்வியை முடிப்பதற்குள் ஒருமுறை குனிந்து, நீங்கள் உட்கார்ந்திருப்பது யாருடைய ஸ்டூல் என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.